எழுநூற்று முப்பத்தொரு முடிச்சுகள்

விசாரணைக்கு இன்னும் முப்பத்தாறு நாட்கள் இருந்தன. சிலுவையம்மாள் கொடிமரக் குப்பத்துக்கு வந்து போகத் தொடங்கி ஐம்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. அந்த ஐம்பத்தொரு நாட்களில், ஒரே ஒரு வீட்டில்கூட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவளால் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கேட்காமல் இல்லை. கேட்டாள். வீட்டில் எத்தனை பேர் என்றால், இருக்கிறார்கள் என்ற பொருளில் "கீறாங்கோ" என்று பதில் வந்தது. பிள்ளைகள் எத்தனை என்றால், அதற்கும் "கீறாங்கோ". ஒரு வாசலில் நின்று, தெரிகிற தலைகளை விரலால் சுட்டப் போனவளின் கையை ஒருத்தி பட்டென்று தட்டிவிட்டாள். கோபத்தில் இல்லை; அடுப்புக்குப் பக்கத்தில் போகும் குழந்தையின் கையைத் தட்டுவதுபோல.

கத்திவாக்கத்துக்கு வடக்கே, கழிமுகம் பக்கமாக இருந்த அந்தக் குப்பத்தில் மனிதர்களை எண்ணுவது வழக்கமில்லை. மீனை எண்ணலாம். கட்டுமரத்தை எண்ணலாம். ஆளை எண்ணினால் கடலுக்குக் கேட்டுவிடும். இத்தனை பேர் இருக்கிறார்களா, எனக்கொருவனைக் கொடு என்று கேட்கும். கரைக்குத் திரும்பும் கட்டுமரங்களைப் பார்த்து நிற்கும் பெண்கள்கூடப் பேர் பேராகத்தான் கூப்பிடுவார்கள். எல்லாப் பேருக்கும் பதில் வந்துவிட்டால் கூடையைத் தூக்கிக்கொள்வார்கள். எண்ணிக்கை யார் வாயிலும் வராது.

இந்த வழக்கம்தான் இப்போது அவர்கள் காலைச் சுற்றியிருந்தது. கிடங்கு கட்ட அந்தக் கரை வேண்டும் என்று ஒரு கம்பெனி மனுப் போட்டிருந்தது. அதன் ஏஜெண்டு தண்டபாணி ஒரு காலை நேரத்தில் ஆள் அனுப்பினார். ஆண்கள் கடலில் இருந்தார்கள். பெண்கள் பாதிப்பேர் மீன் விற்கப் போயிருந்தார்கள். மீதிப்பேர் "கீறாங்கோ" என்றார்கள். வந்தவர் கண்ணில் பட்டவர்களை எழுதிக்கொண்டு போய்விட்டார். அறுபத்தெட்டு பேர். மீன்காலத்தில் வந்து தங்கும் கொட்டகைகள், நிலையான குடியிருப்பு அல்ல என்று மனுவில் ஏறியது. ஐந்நூறு பேருக்கு மேல் நிலையாக வாழும் இடம் என்று நிரூபித்தால் அது கிராமம். யாரும் கை வைக்க முடியாது. அறுபத்தெட்டு என்றால் பதினைந்து நாள் நோட்டீசில் குடிசைகளைப் பிரித்துவிடலாம். 1934 மார்ச்சில் டெபுடி கலெக்டர் நேரில் வந்து விசாரிப்பதாக முடிவாகியிருந்தது.

சிலுவையம்மாளுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. ராயபுரத்தில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் சரக்குப் படகுகளுக்கு மேஸ்திரி. கல்லூரியில் விலங்கியல் படித்தாள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல நேர்ந்தால் அவள் குரல் இரண்டாவது பெஞ்சோடு நின்றுவிடும். ஆனால் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டுக் கடல்நீரை வைத்து, அதிலிருக்கும் உயிர்களை எண்ணச் சொன்னால் அவளைப்போல் எண்ண ஆளில்லை. பம்பாயில் சமூகவியல் என்று ஒரு புதுப் படிப்பு வந்திருப்பதையும், மனிதர்கள் சேர்ந்து வாழும் விதத்தை அங்கே ஆராய்கிறார்கள் என்பதையும் அவள் ஒரு சஞ்சிகையில் படித்தாள். நண்டுகள் கூடி வாழ்வதை எழுதலாம் என்றால் ராயபுரத்து மனிதர்களை எழுதக்கூடாதா என்று நினைத்தாள். கடிதம் போட்டாள். அங்கிருந்த பேராசிரியர் இரண்டு வரியில் பதில் எழுதினார்: ஏதாவது ஒரு ஊரை எடுத்துக்கொள், வீடு வீடாகப் போ.

அப்படித்தான் அவள் கொடிமரக் குப்பத்துக்கு வந்தாள். தமிழ்நாட்டில் ஒரு பெண் நோட்டும் பென்சிலுமாகக் குடிசை குடிசையாக ஏறி இறங்குவதை அதற்கு முன் அங்கே யாரும் பார்த்ததில்லை. முதலில் அவளை அம்மை குத்த வந்தவள் என்று நினைத்துப் பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். பிறகு கிறிஸ்தவ வேதத்துக்கு ஆள் சேர்க்க வந்தவள் என்றார்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்ததும், வேறு வேலையில்லாத பெண் என்று முடிவு செய்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

இடம் கொடுத்தவள் பூவம்மா. நாற்பது வயதிருக்கும். மகன் அப்பாவு கடலுக்குப் போகிறவன். இரண்டு பெண்கள். புருஷன் வரதன் எங்கே என்று ஒருமுறை கேட்டதற்குக் கடலைக் காட்டி, "அங்க கீறாரு" என்றாள். சிலுவையம்மாள் வருவது காலை ரயிலில், போவது பகல் ரயிலில். ஆண்கள் கடலில் இருக்கும் நேரம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

பூவம்மா கூட்டத்தோடு உட்கார்ந்து அவளும் மீன் பிரித்தாள். ஒரு நாள் ஒரு செதிலை எடுத்து வெயிலில் பிடித்து, அதிலிருந்த வளையங்களைப் பார்த்து, இந்த மீனுக்கு மூன்று வயது என்றாள். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆளாளுக்கு ஒரு செதிலைக் கொண்டுவந்தார்கள். எல்லாவற்றுக்கும் வயது சொன்னாள்.

பூவம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மீனுக்கெல்லாம் வயசு சொல்லுது இந்தப் பொண்ணு. தனக்குக் கண்ணாலம் கட்ற வயசு மட்டும் தெரியல."

கரையே சிரித்தது. அன்றிலிருந்து அவளுக்கு டீச்சரம்மா என்று பெயர் நிலைத்தது. பள்ளிக்கூடம் எதிலும் வேலை பார்க்கவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை.

நோட்டில் மற்றதெல்லாம் நிரம்பிவிட்டது. யார் யாருக்கு உறவு, எந்த மாதம் எந்த மீன், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், பிரசவத்துக்கு யாரைக் கூப்பிடுவது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது. முதல் பக்கத்தில் ஆள்தொகை என்று எழுதிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. விசாரணைத் தேதி தெரிந்த பிறகு அவளால் அந்தப் பக்கத்தைத் திருப்பவே முடியவில்லை.

வழி அப்பாவுவின் கையிலிருந்து கிடைத்தது. அவன் கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தபடி இருந்தது. என்ன முணுமுணுக்கிறாய் என்று கேட்டாள். முடிச்சை எண்ணுகிறேன், எண்ணாவிட்டால் வலைக்கண் சிறுத்துப்போகும் என்றான்.

முடிச்சை எண்ணலாமா?

முடிச்சை எண்ணாமல் வலை எப்படிப் பின்னுவது என்று அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

மறுநாள் அவள் குப்பத்துத் தலைவர் திருமலை நாட்டாரிடம் போனாள். வீட்டுக்கு ஒரு முழம் வலைக்கயிறு வேண்டும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அதில் தன் கையால் ஒரு முடிச்சுப் போடட்டும், கைக்குழந்தைக்குத் தாய் போடட்டும், யாரும் எதையும் சொல்ல வேண்டாம், நான் முடிச்சைத்தான் எண்ணுவேன் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

நாட்டார் மூன்று நாள் யோசித்தார். கோவிலில் உத்தரவு கேட்டார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். கயிற்றை எண்ணுவது இந்தக் கரையில் நடக்கக் கூடாது. அவள் ஊருக்கு எடுத்துப்போய் எண்ண வேண்டும்.

ராயபுரத்திலும் கடல்தானே இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"அது கப்பலுங்க வர்ற கடல்பா," என்றார் நாட்டார். "அதுக்கு நம்ம பேச்சு எங்க புரியப் போவுது?"

கயிறுகள் வந்தன. நூற்று நாற்பத்து மூன்று வீடுகள், நூற்று நாற்பத்து மூன்று கயிறுகள். ஒவ்வொன்றிலும் ஓலை நறுக்கில் வீட்டு எண்ணை எழுதிக் கட்டினாள். சில முடிச்சுகள் தேங்காய் நாரைப்போல் முரட்டுத்தனமாக இருந்தன. சில, எறும்பு அளவு. பிள்ளை பெற்று ஒன்பதே நாளான ஒருத்தி குழந்தையின் விரலையே பிடித்து அதற்கு ஒரு முடிச்சுப் போடவைத்திருந்தாள். இரண்டு கூடைகளில் கயிற்றைச் சுமந்துகொண்டு எண்ணூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினாள். ராயபுரம் வீட்டுக் கூடத்தில் பரப்பி, மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் எழுநூற்று முப்பத்தொன்று.

அப்பா கூடத்தின் ஓரமாகவே நடமாடிக்கொண்டிருந்தார். கடைசித் தடவை அவள் பென்சிலைக் கீழே வைத்ததும், சட்டை போட்டுக்கொண்டு போய் அல்வா வாங்கிவந்தார்.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, கயிறுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கத்தான் பூவம்மா வீட்டுக்குப் போனாள். பூவம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். சுவரில் இரண்டு துடுப்புகள் சாய்ந்திருந்தன. அன்று அப்பாவு கடலுக்குப் போகவில்லை. அவன் துடுப்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்னொன்று காய்ந்து, நீளவாக்கில் வெடித்து, பிடியிலிருந்து சுவர்வரை சிலந்தி வலை கட்டியிருந்தது.

சிலுவையம்மாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சில நாட்களாகத் தண்ணீர் படாத துடுப்பில்லை அது. வருஷக் கணக்காகப் படாதது.

அது யாருடையது என்று கேட்டாள். அவருடையது என்றாள் பூவம்மா. எப்போது போனார் என்று கேட்டாள். பூவம்மா சொம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, பெரியவள் பால்குடிக்கும்போது அடித்த புயலில் என்று சொன்னாள். பெரியவளுக்கு இப்போது எட்டு வயது. சின்னவள் புயலுக்குப் பிறகு பிறந்தவள்.

பூவம்மா வீட்டுக் கயிற்றில் ஐந்து முடிச்சுகள்.

உடல் கரைக்கு வராதவரையில் இல்லை என்று சொல்வதில்லையாம். காரியம் கிடையாது. தாலி இறங்காது. சோறு வடிக்கும்போது பேரைச் சொல்லித்தான் வடிப்பார்களாம். முடிச்சுப் போடச் சொன்னால் போடத்தானே செய்வார்கள்? எந்தப் பொய்யும் அதில் இல்லை. இன்னும் எத்தனை வீட்டில் இப்படி என்று கேட்க வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள். அந்தக் கேள்வியை ஒரு வாசலில் நின்று எப்படிக் கேட்பது? உன் புருஷன் செத்துவிட்டானா என்று கேட்பதும் அதுவும் ஒன்றுதான்.

அப்பா அவளைச் சமாதானப்படுத்திப் பார்த்தார். அந்தக் கம்பெனிக்காரனுக்கு இது தெரியவா போகிறது? அறுபத்தெட்டு என்று அவன் எழுதியதைவிட உன் கணக்கு ஆயிரம் மடங்கு நியாயம். ஐந்நூறைத் தாண்டிவிட்டது, அவ்வளவுதானே வேண்டும்? வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வா.

அவளும் அதையே விரும்பினாள். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குப் பிறவியிலேயே வருகிற காரியம்.

விசாரணை குப்பத்துக் கோவிலுக்கு முன்னால், படுதாப் பந்தலில் நடந்தது. ஒரு மேஜை, நாலு நாற்காலி. டெபுடி கலெக்டர் நடுவில் உட்கார்ந்தார். அதிகம் பேசாத மனிதர். தண்டபாணி பட்டு அங்கவஸ்திரத்தை மணலில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று எந்த மரமும் கடலில் இறங்கவில்லை. குப்பம் முழுவதும் பந்தலைச் சுற்றி மணலில் உட்கார்ந்திருந்தது. பார்த்தாலே ஐந்நூறுக்கு மேல் தெரியவில்லையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். தண்டபாணிக்கு அது கேட்டது. பக்கத்துக் குப்பங்களிலிருந்து ஆள் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று அதிகாரியிடம் சொன்னார். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

சிலுவையம்மாள் கூடைகளை மேஜைமேல் கவிழ்த்தாள். அதிகாரி ஒரு கயிற்றை எடுத்து விரலால் நெருடிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார். விளக்கினாள். கொஞ்சம் உரக்கச் சொல்லும்படி இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். முடிச்சுகள் எழுநூற்று முப்பத்தொன்று என்று அவள் சொன்னபோது, அவர் புருவம் உயர்ந்தது.

"கயிறு வந்து சாட்சி சொல்லுமா சார்?" என்றார் தண்டபாணி.

அதிகாரி அவரைப் பொருட்படுத்தவில்லை. அவளைப் பார்த்து, "இது சரியான எண்ணிக்கை என்று உறுதியாகச் சொல்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டார்.

ஒரு ஆமாம் போதும். எதிரே குப்பம் முழுவதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இல்லை ஐயா," என்றாள். "இதில் பிழை இருக்கிறது. கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர்களுக்கும் முடிச்சு விழுந்திருக்கிறது. எத்தனை பேருக்கு என்று எனக்குத் தெரியாது."

இந்த முறை அவள் குரல் பந்தலின் கடைசி வரிசைவரை போயிற்று.

பின்னாளில் அவள் பேராசிரியை ஆனாள். மில் தொழிலாளர் குடியிருப்புகளைப் பற்றி, உப்பளங்களைப் பற்றி, துறைமுகக் கூலிகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினாள். அவளிடம் படித்தவர்கள் நாடெங்கும் வீடு வீடாகப் போனார்கள். அவளுடைய எல்லா ஆய்விலும் முதல் பக்கத்தில் இருப்பது முடிவு அல்ல. இந்தக் கணக்கில் எங்கே தவறு இருக்கக்கூடும் என்ற குறிப்பு. வேறெங்கும் காணாத வழக்கம் என்று பம்பாயில் அதைப் புகழ்ந்தார்கள். அவள் அதை எங்கே கற்றுக்கொண்டாள் என்று அவர்களுக்குத் தெரியாது. கொடிமரக் குப்பத்துப் பந்தலில், காது மடல் சுடச்சுட, முழங்காலை மேஜைக்காலோடு ஒட்டிவைத்து நின்ற நேரத்தில் கற்றுக்கொண்டாள்.

தண்டபாணி சிரித்தார். பிழை பத்தா, முந்நூறா என்று கேட்டார். அதிகாரி பேனா மூடியைத் திருகினார். அவருக்கே வருத்தமாக இருந்ததுபோல் தெரிந்தது. பிழை எவ்வளவு என்று தெரியாத கணக்கைத் தான் பதிவு செய்ய முடியாது என்றார். ஊரார் ஒருவர், யாராக இருந்தாலும் சரி, சத்தியமாக இத்தனை பேர் என்று வாய்விட்டுச் சொல்லட்டும். இந்தக் கயிறுகளோடு ஒத்துப்பார்த்து எழுதிக்கொள்கிறேன். ஐந்நூறுக்கு மேல் என்றால் இது கிராமம், மனு தள்ளுபடி. யாரும் சொல்லாவிட்டால் அறுபத்தெட்டு நிற்கும்.

நாட்டார் கடலைப் பார்த்தார். அலை வந்து போகும் சத்தம் பந்தலுக்குள் கேட்டது. அதிகாரி தாளை இழுத்து வைத்துக்கொண்டார்.

அப்போது பூவம்மா எழுந்தாள்.

மேஜைக்கு வந்து கயிற்றுக் குவியலில் கையை விட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தன் வீட்டு நூல் தெரியும். உருவி எடுத்தாள். இரண்டாவது முடிச்சில் நகத்தை வைத்தாள். இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. அந்த இடத்தில் நூல் சுருண்டு நின்றது. அவள் அதைக் கட்டைவிரலால் நீவி நேராக்கி, மேஜையில் வைத்தாள். கழுத்துத் தாலியில் அவள் கை வைக்கவில்லை. அது வேறொரு நாளுக்கு உரியது.

அப்பாவு எழுந்து நின்றான். சின்னப் பெண்கள் இருவரும் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மங்கம்மா வந்தாள். வயதானவள், இரண்டு மகன்களை ஒரே கட்டுமரத்தில் அனுப்பியவள். இரண்டு முடிச்சு அவிழ்த்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் இன்னொருத்தி. கண் தெரியாத ஒரு கிழவிக்குப் பேத்தி கயிற்றைத் தேடிக் கொடுத்தாள். முடிச்சை அவளே தடவிப் பார்த்து அவிழ்த்துக்கொண்டாள். யாரும் அழவில்லை. ஒருத்தி போய் உட்கார்ந்த பிறகே அடுத்தவள் எழுந்தாள். தண்டபாணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு தானும் எழுந்து நின்றுகொண்டார்.

எதைக் கண்டாலும் எண்ணிவிடும் சிலுவையம்மாள் அந்த நேரம் மட்டும் எண்ணவில்லை. தலையைக் குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இனி வருவதற்கு யாருமில்லை என்று ஆனபிறகும் பூவம்மா மேஜைப் பக்கத்திலேயே நின்றாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. காலையில் கூடை கூடையாக மீனை எண்ணிப் பழகிய உதடு.

நாட்டாருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் பூவம்மா," என்றார். "உன் புள்ள தொழிலுக்குப் போறவன்."

"நாம எண்ணாமத்தான் இருந்தோம் நைனா," என்றாள் பூவம்மா. "கடலு எண்ணிக்கினேதான் இருந்துது. பதினஞ்சு பேரு."

நாட்டார் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சரி என்பதுபோல் தலையசைத்தார்.

பூவம்மா அதிகாரியைப் பார்க்கவில்லை. கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, மீன் கூவி விற்கும் அந்தப் பெரிய குரலில் சொன்னாள்.

"எழுதிக்கோ சாமி. இந்தக் குப்பத்துல நாங்க எழுநூத்திப் பதினாறு பேரு உசுரோட கீறோம்."